‘நேற்று’ என்று எழுதிய தந்தி

1

இந்த ஆனி மாதத்தோடு நான் பினாங்குக்கு வந்து பதினெட்டு வருடம் முடிகிறது. கப்பலை விட்டு இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், மாயவரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். எழுதினால் இலக்கணம் சுத்தமாக இருக்கும். வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் ‘என்ன?’ என்பார். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. நான் என்ன சொன்னேன் என்பதில்தான் எனக்குக் குழப்பம் வருகிறது.

போன வாரம் என் மகள் சுமதி பள்ளிக்கூட நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழில்தான் வந்தாள். பேச்சு, வார்த்தை, வாய் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் மரபுத்தொடர்கள் இருபது. ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டுமாம். பத்தொன்பது முடித்துவிட்டாள்.

“மா, ‘இன் சோ மெனி வேர்ட்ஸ்’ இதுக்கு ஒரு சென்டென்ஸ் சொல்லுமா. சீக்கிரம் லா, பஸ் வந்துரும்.”

சுற்றி வளைக்காமல், பூசி மெழுகாமல், அந்த வார்த்தையையே போட்டு உடைத்துச் சொல்வது என்று அதற்கு அர்த்தம். அந்தத் தொடர் வருகிற ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது. ஆனால் அதை என் மகளின் நோட்டில் எழுதக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குக்கர் விசில் அடித்துவிட்டது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். குக்கர் அடிக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயேன் என்று இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

அவளிடம் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

2

எனக்கு வேலை, ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். வாசலில் நோயாளிகளின் பெயரைப் பதிந்து அட்டை போட்டுக் கொடுப்பது. என் கணவர் ராஜன் அக்கரைக்குப் போகும் ஃபெரிப் படகில் டிக்கெட் பிரிவில் இருக்கிறார். அவர் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் இழுபடுகிறது என்றுதான் வேலைக்குப் போனேன். தமிழர்கள் படுத்திருக்கும் கட்டிலுக்கு டாக்டர் போகும்போதெல்லாம் ‘மிசஸ் ராஜனைக் கூப்பிடு’ என்பார்கள். மாடி ஏறிப் போய் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிவிட்டு இறங்கி வருவேன். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. கொஞ்சம் மரியாதை உண்டு, அது போதுமாக இருந்தது.

ஆரம்பத்தில் என் இங்கிலீஷ் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களிடம் ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்லித்தானே நமக்குப் பழக்கம்? அதையே மலர்ந்த முகத்தோடு, ‘ப்ளீஸ் கம் அகெய்ன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பித்தப்பையை அறுத்துவிட்டுப் போகிற ஒரு சீனக் கிழவர் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மருமகள் நேரே மேட்ரனிடம் போய்விட்டாள். அன்றைக்கு வாங்கிய பேச்சில்தான் எனக்கு ரோஷம் வந்தது.

சௌராஸ்தா பசார் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே அட்டை கிழிந்த ஒரு மரபுத்தொடர்ப் புத்தகத்தை இந்த ஊர்க் காசு இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன். அதில் பேச்சுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. பஸ்ஸில் படிப்பேன், சோறு வேகும்போது படிப்பேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். வெள்ளைக்காரனுக்கு வார்த்தை என்பது கையில் பிடிக்கிற சாமான் மாதிரி. கொடுக்கிறான், காப்பாற்றுகிறான், உடைக்கிறான், எடை போடுகிறான், திரும்ப வாங்கிக்கொள்கிறான், கடைசியில் தின்னவும் தின்கிறான். ‘ஹேவ் எ வேர்ட்’ என்று ஒருமையில் சொன்னால் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அர்த்தம். அதையே பன்மையில் சொன்னால் சண்டை போட்டார்கள் என்று அர்த்தம். ஒன்றுக்கும் பலவுக்கும் நடுவில் எந்த இடத்தில் சண்டை மூளுகிறது என்று புத்தகத்தில் போடவில்லை.

இதை ராஜனிடம் சொல்லிச் சிரித்தேன். நாம் மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்டார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். ‘சொல்லாமல் கொள்ளாமல்’ போனான் என்கிறோம், அந்தக் ‘கொள்ளாமல்’ என்பது என்ன என்றார். யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தபிறகு டாக்டர்கள் சொல்வது எனக்குத் தெளிவாகப் புரிய ஆரம்பித்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் நடந்ததற்கு, இங்கிலீஷ் புரியவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

3

அந்த வருடத் தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் கோவிந்தசாமி. வயது ஐம்பத்திரண்டு. லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. சுங்கை பினாங்கில் ஓர் அறையை மாரியப்பன் என்ற லாரி டிரைவரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தார். மாரியப்பன் இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். கோவிந்தசாமிக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். மனைவி செல்லம்மாளும் ஒரே மகள் வசந்தாவும் அங்கே இருந்தார்கள். அவர் ஊருக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

அட்டை போடும்போதே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மாயவரம் என்றதும் சொந்தக்காரியைக் கண்டதுபோல ஆகிவிட்டார். வசந்தாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முதல் நாளே சொன்னார். முன்பு இரண்டு வரன் கூடிவந்து தட்டிப்போயிற்றாம். இது மூன்றாவது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, இரண்டு மாத லீவில் வருகிறான், லீவு முடிந்தால் அடுத்து இரண்டு வருடம் கழித்துத்தான்.

பரிசோதனைகள் முடிந்தபிறகு டாக்டர் லிம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஈப்போக்காரர், அயர்லாந்தில் படித்தவர், கறாரானவர். ஈரலில் கட்டி, அறுக்க முடியாத நிலை, மூன்று மாதம், அதிகம் போனால் நான்கு என்றார். ஊருக்குப் போவதாக இருந்தால் விமானத்தில் உட்காரத் தெம்பு இருக்கும்போதே இப்போதே போய்விட வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் பூசி மெழுகப் போகிறேன் என்று தெரிந்துகொண்டாரோ என்னவோ, மெதுவாகச் சொன்னார். “டெல் ஹிம் இன் சோ மெனி வேர்ட்ஸ், மிசஸ் ராஜன்.”

புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்த தொடர். சந்தேகத்துக்கு இடமே இல்லை. படியேறும்போது தமிழில் வாக்கியத்தைக் கோத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ‘அண்ணே, உங்களுக்கு மூணு மாசந்தான்.’ இதில் எந்த வார்த்தையும் கஷ்டமில்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைகள். ஆனால் அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கு வைக்கும் நேரம். எங்கள் வீட்டில் விளக்கை அணை என்றுகூடச் சொல்லக் கூடாது, குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்த வாய் இது. கட்டிலில் அவர் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் தபாலில் வந்திருந்ததாம்.

என் வாய் என்ன சொன்னது தெரியுமா? ஈரல் கொஞ்சம் கெட்டிருக்கிறதாம், டாக்டர் ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வரச் சொல்கிறார், ஊர்க்காற்று நல்லதாம் என்றது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சரி தங்கச்சி, வைகாசியில் கல்யாணத்துக்குப் போகும்போது காற்று வாங்கிக்கொள்கிறேன் என்று பத்திரிகையை மடித்து வைத்தார். கீழே வந்ததும், எப்படி எடுத்துக்கொண்டார் என்று டாக்டர் கேட்டார். சிரித்தார் என்று சொன்னேன், அது பொய்யில்லையே. டாக்டர் லிம் பேனாவை வைத்துவிட்டு, என்ன தைரியசாலி என்று தலையசைத்தார். மறுநாள் வார்டில் கோவிந்தசாமியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். நடுவில் நான் நின்றேன்.

4

ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு மனிதனின் மூன்று மாதத்தை என் கூச்சத்துக்காக எடுத்துக்கொண்டுவிட்டேன். மகளைப் பார்க்காமலே போய்விட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சுங்கை பினாங்கில் அவர் இருந்த அறையைத் தேடிப் போனேன். மாரியப்பன் கதவைத் திறந்தான். எனக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டு, கோப்பிக்கடைக்குப் போய் மூன்று கோப்பி வாங்கி வந்தான்.

நான் ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதை அன்றைக்கு முழுசாகச் சொல்லவில்லை அண்ணே என்றேன். அதற்குமேல் போகவில்லை. அவரே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“நீ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு தங்கச்சி. பதினோரு வருஷமா ஊருக்குப் போகாத கூலிக்காரன ஊர்க்காத்து வாங்கிட்டு வான்னு எந்த டாக்டரு சொல்லுவாரு? எங்கப்பாவுக்கு நாங்களும் அப்புடித்தான் சொன்னோம்.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்படியானால் உடனே கிளம்புங்கள், டிக்கெட்டுக்கு மாரியப்பனும் ராஜனும் ஓடியாடி ஏற்பாடு செய்வார்கள் என்றேன். அவர் கோப்பியை ஆற்றினார். பிறகு, அவசரப்படாமல், மூட்டைக்கு நிதானம் பார்த்து இடம் சொல்கிறவர் பேசுகிற மாதிரியே பேசினார்.

“போயி என்ன பண்ண? இந்த வயித்தோட நான் போயி நின்னா மாப்பிள வீட்டுக்காரன் யோசிப்பான். கல்யாணத்துக்கு முந்தி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா ஒரு வருசத்துக்கு வீட்டுல நல்லது நடக்கக் கூடாது. அவன் துபாய்க்குப் போயிருவான். அங்க செத்தா கல்யாண வீடு எழவு வீடு. இங்க செத்தா, நீங்க சொன்னாத்தான் நான் செத்தவன்.”

மாரியப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்பே தெரியும் என்று அவன் முதுகே சொல்லிற்று. கோவிந்தசாமி அண்ணன் கையை நீட்டினார். தாலி ஏறுகிறவரை இங்கிருந்து ஒரு சொல் கடல் தாண்டக் கூடாது, எனக்கு வாக்குக் கொடு என்றார். நான் டாக்டருக்காக வாயைத் திறக்கப் போனவள், இவருக்காக வாயை மூடுகிறேன் என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெற்ற மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமையை ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். அதற்கு நான் சாட்சியாக இருக்கலாமா? அவர் மனைவிக்குத் தன் புருஷன் சாகக் கிடக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? ராஜனிடம் கேட்டேன். கேட்கிற இடத்தில் நீ இருந்தாய், கொடுத்துவிட்டாய், இனிமேல் யோசித்து என்ன என்றார். அது பதிலா, பதில் இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

5

பங்குனியில் அவரை மறுபடியும் வார்டில் சேர்த்தார்கள். உடம்பு நன்றாக இருந்தபோதே வீட்டுக்கு ஒரு கடிதம் சொல்லி, என்னை எழுதச் சொல்லியிருந்தார். லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு வர முடியவில்லை, வசந்தாவுக்கு என் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மறக்க வேண்டாம், அவ்வளவுதான் கடிதம். அடியில் கோணல்மாணலாகத் தன் பெயரைத் தானே எழுதினார். மேலே தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விடச் சொன்னார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் தேதியைப் போட்டு நீ தபாலில் சேர்த்துவிடு என்றார். உறையை என் கைப்பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தேன்.

சித்திரை மாதம், தேய்பிறைச் சஷ்டி, செவ்வாய்க்கிழமை காலை அவர் போய்விட்டார். மாரியப்பன் கொள்ளி வைத்தான்.

அன்றைக்கே மாரியப்பன் கிளம்பினான். அவர் ஊர்க்காரர்கள் சுங்கை பினாங்கில் மட்டும் பதினேழு பேர். கடல் தாண்டி செபராங் ஜெயாவில் இன்னும் சிலர். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, ஊருக்கு எழுதாதீர்கள், போகிறவர்களிடம் சொல்லி விடாதீர்கள், வைகாசிக் கல்யாணம் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். நான் பார்க்க ஊர் வாய் மூடிக்கிடந்தது. கோவிந்தசாமியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அவர் பங்காளி ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது உறையை எடுத்தேன். செத்தவரின் கையெழுத்துக்கு மேலே என் கையால் தேதி எழுத வேண்டும். இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன். மருத்துவமனை வேலையில் ஒரு தேதியை மாற்றி எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும். அது தெரிந்தும் எழுதித் தபாலில் சேர்த்தேன். தபால்காரரைத் துரத்திக்கொண்டு ஓடித் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

கல்யாணம் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நாள் பார்த்திருந்தார்கள். சனிக்கிழமை காலை நானும் மாரியப்பனும் தந்தி கொடுக்கப் போனோம். தந்தித்தாளில் இங்கிலீஷில் எழுத வேண்டும். ‘கோவிந்தசாமி எக்ஸ்பயர்ட்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். என்றைக்கு என்று போட வேண்டாமா? கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

“நேத்துன்னு போட்டுடுங்கக்கா. தந்தின்னா நேத்துதானே வரும்,” என்றான் மாரியப்பன்.

அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. இருபத்தைந்து நாளுக்கு முன்னால் இறந்தவருக்கு யார் தந்தி அடிப்பார்கள்? ‘யெஸ்டர்டே’ என்று ஒரு வார்த்தை சேர்த்து, அடியில் என் பெயரையும் விலாசத்தையும் போட்டேன். அவர் வாங்கிய வாக்கு தாலி ஏறும்வரைக்கும்தான். அதற்கப்புறம் பொய் சொல்ல அவர் கேட்கவே இல்லை. இது என் கைச்சரக்கு.

6

ஒரு மாதம் கழித்துச் செல்லம்மாள் அம்மாவின் கடிதம் வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தார். அதைப் பிரிக்கும்போது வசவு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது நன்றி.

எங்கள் தந்தியில் இருந்த ‘நேற்று’ எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது வைகாசி விசாகம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் நான் பஞ்சாங்கமே பார்க்கவில்லை. முருகன் பிறந்த நாளில் உயிர் விட்டிருக்கிறார், அவர் புண்ணியவான் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டதாம். அந்த அம்மா எழுதச் சொல்லியிருந்த வரி எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: ‘தாலித் தட்டு என் கைக்கு வந்தபோது பூவும் பொட்டுமாக நின்று தொட்டுக் கும்பிட்டுக் கொடுத்தேன். என் மகளுக்காக இரண்டு நாள் பொறுத்துத்தான் தெய்வம் என் பொட்டை எடுத்தது. அந்த ஒன்றை நினைத்துத்தான் சோறு இறங்குகிறது.’

நான் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். தாலித் தட்டை அந்த அம்மா தொட்டபோது அவர் விதவையாகி இருபத்திரண்டு நாள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது பேச்சில்லை, அவருக்கு இருக்கிறது. உண்மையைச் சொன்னால், வசந்தாவுக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் கை பட்ட தாலி என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார். சொல்லாவிட்டாலோ, வருடா வருடம் விசாகத்தன்று திதி கொடுப்பார்கள். செத்தவருக்கு அவர் நாளில் எள்ளும் தண்ணீரும் போய்ச் சேராது. இருக்கிறவர் நிம்மதிக்காகப் போனவரைப் பட்டினி போடுவதா? வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வெள்ளைக்காரன் ஒரு தொடர் வைத்திருக்கிறான். எந்த வார்த்தையை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அவன் சொல்லித்தரவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் டாக்டர் லிம்மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அயர்லாந்தில் அவர் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் அப்பா இறந்துபோனாராம். படிப்புக் கெடக் கூடாது என்று ஆறு வாரம் கழித்துத்தான் அம்மா கடிதம் போட்டாராம். பரீட்சையில் தேறினேன், இன்றுவரை அம்மாவை மன்னிக்கவில்லை என்றார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். ஆறுதல் தேடிப் போனவள் இன்னும் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு வெளியே வந்தேன்.

அந்த வருடக் கார்த்திகையில் மாரியப்பன் கோயிலில் என்னைப் பார்த்தபோது, பேச்சோடு பேச்சாக, இறப்புச் சான்றிதழை ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்றான். வீட்டுப் பத்திரம் மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம். எனக்கு உயிரே போய்விட்டது. சான்றிதழ் மலாய் மொழியில்தான் இருக்கும், ஆனால் தேதி எண்ணில்தானே இருக்கும்? அவனைத் திட்டி என்ன பயன், ‘நேத்து’ என்று எழுதியது நான்தான். தபால்காரர் மணி அடித்தால் முதல் ஆளாக நானே வாசலுக்கு ஓடினேன். மாதங்கள் போயின, வருடமும் போயிற்று. பட்டுக்கோட்டையிலிருந்து பொங்கல் வாழ்த்துதான் வந்தது. யாரும் கவனிக்கவில்லை போலும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

7

சுமதி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த நாளுக்கு மறுநாள், ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த முறை வசந்தாவே எழுதியிருந்தாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. அம்மா போன மாதம் தவறிவிட்டார் என்று ஆரம்பித்திருந்தாள். படுக்கையில் விழவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லையாம். தனக்கு இரண்டு பிள்ளைகள், கணவர் துபாயை விட்டுவிட்டு வந்து கடை வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். அதற்கப்புறம் வந்ததை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

‘அத்தை, பினாங்கிலிருந்து சான்றிதழ் வந்தபோது தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். கல்யாணமாகி ஆறு மாதம். அதில் இருந்த தேதியையும், அப்பா எனக்கு எழுதிய ஆசீர்வாதக் கடிதத்தில் இருந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பயந்து போனேன். பிறகு புரிந்தது. அம்மா தாலியைத் தொட்டுக் கொடுத்ததைத் தினமும் சொல்லிச் சொல்லி அழுவார், சிரிப்பார். அவரிடம் எப்படிச் சொல்வேன்? பத்திரம் எழுதுகிறவரிடம் நானே போய் முடித்துக்கொண்டு வந்து, சான்றிதழை என் பெட்டியில் பூட்டிவிட்டேன். விசாகத்தன்று வீட்டில் திதி நடக்கும், நானும் உட்காருவேன். சித்திரையில் அந்தத் தேய்பிறைச் சஷ்டி வந்தால், அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் இருந்துவிடுவேன். ஒன்பது வருடமாக ஒருவருக்கும் தெரியாது. இனி வயிற்றுவலி என்று சொல்ல வேண்டியதில்லை.’

நான் அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதேன். அவள் அப்பா பட்டினி கிடக்கவில்லை என்பதற்காக அழுதேனா, புதுப்பெண் ஒருத்தி தன் பெட்டிக்குள் இதைப் பூட்டிக்கொண்டு வாழ்ந்தாள் என்பதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இங்கே பதினேழு பேர் சேர்ந்து காத்த ஒரு செய்தியை அங்கே அவள் ஒருத்தி காத்திருக்கிறாள். நாங்கள் அவளுக்காக மறைத்தோம். அவளோ அம்மாவுக்காக மறைத்தாள். யார் யாருக்கு நல்லது செய்தோம் என்று கணக்குப் பார்க்க எனக்கு அறிவு போதவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. அப்பா கடைசியாக என்ன சொன்னார், எனக்காக நல்லதாக ஜோடித்து எழுத வேண்டாம், சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள் அத்தை என்று கேட்டிருந்தாள்.

நான்கு நாள் பேனாவை எடுக்கவில்லை. நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். நீளமாக ஒன்றும் இல்லை. உன் அப்பா இறந்தது செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, வலி இருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன் என்று எழுதினேன். கண்ணைத் திறந்து, கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் கடைசி. ‘அம்புட்டு நாளு என்னால முடியாது தங்கச்சி. நீ பாத்துக்க.’